மாடி அறை கொதிக்காமல் இருக்க பணத்தை எங்கே போடுவது?

வீடு கட்டிக்கொண்டிருக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விஷயத்தை மட்டும் தருகிறேன்.

கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாமியார் என ஐந்து பேருக்கான வீடு. கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம். சுவர்கள் எல்லாம் ஒன்பது அங்குலச் செங்கல். மேல்தளத்துக்கு கான்கிரீட் போட்டு, முட்டும் பிரித்தாகிவிட்டது. மொட்டை மாடியில் வாட்டர்ப்ரூஃபிங் வேலை அடுத்த மாதம் தொடங்கவிருக்கிறது. பிள்ளைகள் அறையும் இவர்கள் படுக்கையறையும் மேல்தளத்தில், மேற்குப் பக்கமாக அமைந்திருக்கின்றன. இப்போது குடியிருக்கும் வாடகை வீடும் மேல்மாடிதான். "ராத்திரி பத்து மணிக்கு ஃபேன் போட்டாலும் அனல்தான் இறங்குகிறது. கட்டில் மேல் ஏறி நின்று சீலிங்கைத் தொட்டுப் பார்த்தேன், கை சுட்டது. சொந்த வீட்டிலும் பிள்ளைகள் இப்படித்தான் தூங்க வேண்டுமா?" என்று கேட்கிறார்.

இன்சுலேஷன், அதாவது வெப்பக் காப்பு பற்றி இவர் பேச்செடுத்ததும் ஆளுக்கொரு பதில் வந்திருக்கிறது. கான்ட்ராக்டர், "அதெல்லாம் பனி பெய்கிற நாட்டுக்கு. ஒன்பது அங்குலச் சுவர் இருக்கிறது, ஃபால்ஸ் சீலிங் அடித்து அறைக்கு ஒன்றரை டன் ஏசி போட்டால் முடிந்தது. என் வாட்டர்ப்ரூஃபிங் மேல் எதையாவது வைத்து ஒழுகினால் நான் பொறுப்பில்லை" என்கிறார். இன்சுலேஷன் போட்டால் பகலில் வந்த வெப்பம் ராத்திரி வெளியே போக முடியாமல் அடைபட்டுவிடும் என்பது கணவரின் சந்தேகம். சீலிங்கின் அடியில் தெர்மாகோல் ஒட்டிவிட்டால் போதும் என்கிறார் கொழுந்தன். பெயின்ட் விற்பவர், ஒரே பூச்சில் 10 டிகிரி குறையும் என்று எழுதியே தந்திருக்கிறார். வெளிநாட்டு வீடியோ ஒன்றில் சுவரின் உட்பக்கம் பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டுவதைப் பார்த்து, அதுவும் வேண்டுமா என்று இவருக்குக் குழப்பம். ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி போடலாமா என்றும் கேட்கிறார். வீட்டை இப்படி மூடினால் மூச்சு முட்டும் என்று மாமியார் பயப்படுகிறார். கான்ட்ராக்டருடன் போட்ட ஒப்பந்தத்தில் இன்சுலேஷன் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. எல்லாவற்றையும் செய்யப் பணம் போதாது. எதைச் செய்வது, கான்ட்ராக்டரைக் கட்டாயப்படுத்த முடியுமா என்பவை கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

வாட்டர்ப்ரூஃபிங் இன்னும் தொடங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மாடியில் டைல்ஸ் ஒட்டி முடித்து, ஒரு கோடையும் பட்டபிறகுதான் பெரும்பாலானவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள். அப்போது உடைத்துப் போடுகிற செலவும் சேர்ந்துகொள்ளும். உங்கள் தளம் இப்போது வெறும் கான்கிரீட்டாகக் கிடக்கிறது. ஃபால்ஸ் சீலிங்குக்கும் இரண்டாவது ஏசிக்கும் ஒதுக்கிய பணத்தை அந்தத் தளத்தின் மேற்பக்கத்துக்கும் மேற்கு ஜன்னல்களுக்கும் மாற்றுங்கள். இதுதான் என் ஆலோசனை. வீட்டிலும் கான்ட்ராக்டரிடமும் நீங்கள்தான் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் "பனி நாட்டு" வாதம். வெப்பம் எப்போதும் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்குப் போகும். பனி விழும் ஊரில் அது வீட்டுக்குள்ளிருந்து வெளியே ஓடும், வெயில் கொளுத்தும் ஊரில் வெளியிலிருந்து உள்ளே வரும். காப்புப் பலகை இரண்டு ஓட்டத்தையும் ஒரே மாதிரிதான் மட்டுப்படுத்தும். இன்னும் சொன்னால், நேர் வெயிலில் காயும் மொட்டை மாடியின் மேற்பரப்பு 50, 60 டிகிரிக்குச் சர்வசாதாரணமாகப் போகும். உள்ளே நீங்கள் விரும்புவதோ 27, 28. மிதமான குளிர்காலத்தில் உள்ளுக்கும் வெளிக்கும் இருக்கும் வித்தியாசத்தை விட இது அதிகம்.

அடுத்தது, கனமான சுவர் வெப்பத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கை. உங்கள் கான்ட்ராக்டருக்கு மட்டுமல்ல, கட்டட வேலையில் பழுத்த பலருக்கும் இது உண்டு. வலுவும் வெப்பத் தடுப்பும் வேறு வேறு குணங்கள். ஒரு பொருள் எவ்வளவு எளிதாக வெப்பத்தைக் கடத்துகிறது என்பதற்கு ஓர் எண் உண்டு, அது குறையக் குறைய நமக்கு நல்லது. கான்கிரீட்டுக்கு அது சுமார் 1.6. செங்கல் சுவருக்கு 0.7 அளவில் இருக்கும், ஏஏசி பிளாக் எனப்படும், காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்லுக்கு 0.16 அளவில். தெர்மாகோல் என்று நாம் சொல்லும் இபிஎஸ் பலகைக்கு ஏறத்தாழ 0.036, அதைவிட நெருக்கமான எக்ஸ்பிஎஸ் பலகைக்கு 0.03. அசையாத காற்றுக்கு 0.025. காப்புப் பொருள்கள் எல்லாமே காற்றையோ வாயுவையோ சின்னச் சின்ன அறைகளில் அடைத்து அசையவிடாமல் வைத்துத்தான் வேலை செய்கின்றன. 5 செ.மீ. எக்ஸ்பிஎஸ் பலகை தடுக்கிற அளவுக்குக் கான்கிரீட் தடுக்க வேண்டுமென்றால், தளம் இரண்டரை மீட்டருக்கும் மேல் தடிமனாக இருக்க வேண்டும்.

இதை உங்கள் பிள்ளைகள் அறைக்கு வைத்துப் பார்ப்போம். 12 சதுர மீட்டர் அறை, மேலே 12.5 செ.மீ. கான்கிரீட், அதன் மேற்பரப்பு 50 டிகிரி, அறைக்குள் 28 டிகிரி. தோராயக் கணக்கில் தளத்தின் வழியாக மட்டும் 1,000 வாட் வெப்பம் கீழே இறங்கும். கோடையில் பிள்ளைகளின் தலைக்கு மேல் ஒரு ஹீட்டரைப் போட்டு வைத்த மாதிரிதான். ஒரு டன் ஏசி முழு மூச்சாக ஓடினால் வெளியேற்றுவது சுமார் 3,500 வாட். அதில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரு தளத்தோடு மல்லுக்கட்டவே போய்விடும். அதே தளத்தின் மேல் 5 செ.மீ. எக்ஸ்பிஎஸ் இருந்தால் உள்ளே வருவது 140 வாட் அளவுதான்.

வாடகை வீட்டில் ராத்திரி பத்து மணிக்குக் கை சுட்டதற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. கான்கிரீட் வெப்பத்தை உடனே கீழே விடாது, பிடித்து வைத்துக்கொண்டு சில மணி நேரம் கழித்து விடும். மத்தியானம் வாங்கியதைப் பிள்ளைகள் படுக்கப்போகும் நேரத்தில் இறக்கும். அப்புறம், நம் உடம்பு உணரும் வெக்கை காற்றின் சூட்டை மட்டும் பொறுத்ததில்லை, சுற்றியுள்ள கூரை, சுவர்களின் சூட்டையும் ஏறத்தாழ அதே அளவுக்குப் பொறுத்தது. ஏசி 24 என்று காட்டும்போதும் சீலிங் 40 டிகிரியில் இருந்தால் உடம்பு ஆறாது. ரிமோட்டைத் தட்டி இன்னும் குறைப்போம், கரன்ட் பில் ஏறும், அப்போதும் நெற்றி வேர்க்கும்.

எவ்வளவு தடிமன் வேண்டும் என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். முதல் 25 மி.மீ. பலகையே உள்ளே வரும் வெப்பத்தில் முக்கால் பங்கை நிறுத்திவிடும். 50 மி.மீ. போட்டால் 85 சதவீதத்தைத் தாண்டும். 75 மி.மீ.க்கு 90 சதவீதம் அளவில் வரும், 100 மி.மீ.க்கு அதைவிடக் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஆகவே கடுங்குளிர் இல்லாத இடத்தில் 50 மி.மீ. நல்ல அளவு, கை தாராளமாக இருந்தால் 75. ஒரே ஓர் எச்சரிக்கை: பணம் குறைகிறதென்று பாதி மாடிக்கு மட்டும் 100 மி.மீ. போடாதீர்கள். முழு மாடிக்கும் 40 மி.மீ. போடுவது அதைவிடப் பல மடங்கு மேல்.

பெயின்ட் பற்றி

அந்த விற்பனையாளர் முழுப் பொய் சொல்லவில்லை. பழைய சாம்பல் நிறக் கான்கிரீட் தன்மேல் விழும் வெயிலில் மூன்றில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்பும். நல்ல வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு புதிதில் 80 சதவீதம் வரை திருப்பி அனுப்பும். அதனால் மாடியின் மேற்பரப்பு 10 டிகிரி, அதற்கு மேலும்கூடக் குறையலாம். ஆனால் அவர் சொல்லும் 10 டிகிரி மேற்பரப்புக்கு உரியது. அறைக்குள் அதில் சில டிகிரிதான் வந்து சேரும். தூசியும் பாசியும் படிந்தால் இரண்டொரு வருடத்தில் பலன் சரியும், கழுவ வேண்டும், சில ஆண்டுக்கொரு முறை மறுபடி அடிக்க வேண்டும். அந்தப் பூச்சே இன்சுலேஷன் என்று சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். எக்ஸ்பிஎஸ் அளவுக்கே தடுக்கக்கூடிய பொருளால் செய்தது என்று வைத்துக்கொண்டாலும், அரை மி.மீ. பூச்சு 50 மி.மீ. பலகையில் நூறில் ஒரு பங்கு. பலகைக்கு மேலே வரும் கடைசி அடுக்கை வெள்ளையாக முடிப்பது நல்ல யோசனை. வெள்ளை டைல்ஸோ இந்தப் பூச்சோ, எதுவானாலும் சரி.

உள்ளே தெர்மாகோல், ஃபால்ஸ் சீலிங்

கொழுந்தன் அக்கறையோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் வெறும் தெர்மாகோலை சீலிங்கில் ஒட்டி அப்படியே விடுவதை நான் எந்த வீட்டுக்கும் சம்மதிக்க மாட்டேன். அது எரியும், எரியும்போது உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். 2017 ஜூன் 14 அன்று லண்டனில் கிரென்ஃபெல் டவர் எரிந்து 72 பேர் இறந்தார்கள். வெளிச்சுவரில் பொருத்தியிருந்த, எரியக்கூடிய பிளாஸ்டிக் நடுவடுக்கு கொண்ட உலோகத் தகடுகள்தான் தீ மளமளவென்று பரவ முக்கியக் காரணம். பின்னால் இருந்த நுரைக் காப்பும் தீக்குத் தீனியானது. நுரைப் பலகைகளே கூடாது என்று இதற்கு அர்த்தமில்லை. தளத்துக்கு மேலே, சிமென்ட் அடுக்குக்கு அடியில் இருக்கும் பலகையை வீட்டுக்குள் பிடிக்கும் தீ எளிதில் தொட முடியாது. மின்விளக்குக்குப் பக்கத்தில், தூங்கும் பிள்ளையின் தலைக்கு மேல் மூடாமல் தொங்கும் பலகையின் கதை வேறு.

வெறும் ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் ஓரளவு உதவும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. அதற்கு மேலே தீப்பிடிக்காத ராக்வுல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) 50 மி.மீ. விரித்தால் நிஜமாகவே பலன் உண்டு. மாடியில் கை வைக்கவே முடியாதவர்களுக்கு, அடுக்குமாடியில் மேல்தள வீடு வாங்கியவர்களுக்கு, அதைத்தான் சொல்வேன். உங்களுக்கு மேல்பக்கம் திறந்திருக்கும்போது அது இரண்டாந்தரம். ஏனென்றால் உள்ளே எவ்வளவு மூடினாலும் தளம் வெயிலில் காய்ந்துகொண்டேதான் இருக்கும். 10 மீட்டர் நீளத் தளம் 40 டிகிரி ஏறி இறங்கினால் ஏறத்தாழ 4 மி.மீ. நீண்டு சுருங்கும். மேல்மாடி அறைகளில் தளமும் சுவரும் சேரும் இடத்தில் படுக்கை வாட்டில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பூசப் பூசத் திரும்ப வருகிற அந்த வெடிப்புக்குப் பெரும்பாலும் இந்த நீட்டமும் சுருக்கமும்தான் காரணம். காப்பு மேலே இருந்தால் தளம் இவ்வளவு அலைக்கழியாது.

கணவரின் சந்தேகத்தில் ஒரு பாதி உண்மை

வெறும் கான்கிரீட் தளம் இரவில் வானத்தைப் பார்த்து வெப்பத்தை வெளியே விடும், பலகை வைத்தால் அந்த வழி அடைபடும் என்பது சரிதான். ஆனால் அந்தத் தளம் மேலே விடும்போதே கீழேயும் விடுகிறது. அதைத்தான் வாடகை வீட்டில் தொட்டுப் பார்த்தீர்கள். பலகை மேலே இருந்தால் தளத்துக்குள் வெயில் ஏறுவதே குறைந்துபோகும், பிறகு வெளியேற்ற வேண்டியதும் கொஞ்சம்தான்.

ஆனாலும் அவர் பயப்படுவது நடக்கக்கூடிய ஒரு சூழல் உண்டு. தூங்கும் ஓர் ஆள் சுமார் 70 வாட் வெப்பம் விடுகிறார். விளக்கு, டிவி, அடுப்பு எல்லாம் அதோடு சேரும். காப்புள்ள வீட்டை ராத்திரியும் பூட்டியே வைத்து, ஏசியும் போடாவிட்டால் அந்த வெப்பம் தேங்கத்தான் செய்யும். வெளிக்காற்று ஆறியதும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். மாடிப்படி அறையில் உயரமாக ஒரு ஜன்னல் வைத்தால் சூடான காற்று அதன் வழியாகத் தானாக ஏறிப்போகும். காலையில் வெயில் ஏறும் முன் மூடிவிட வேண்டும். தளமும் சுவரும் இரவின் குளுமையை வாங்கி வைத்துக்கொள்ளும். காப்பு வெளிப்பக்கம் இருப்பதால் பகலில் அது உங்களுக்கே திரும்பக் கிடைக்கும்.

கான்ட்ராக்டரைக் கட்டாயப்படுத்த முடியுமா?

ஒப்பந்தத்தில் இல்லாத வேலையை அதே தொகைக்குச் செய்யச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. கூடுதல் வேலையாகத் தனி விலை கேட்க அவருக்கு உரிமை உண்டு, மாட்டேன் என்று சொல்லவும் உரிமை உண்டு. அதே நேரம், வாட்டர்ப்ரூஃபிங் ஒப்பந்தத்தில் இருக்கிறது. அதை ஒழுகாமல் செய்து தருவதிலிருந்து அவர் நழுவ முடியாது. சட்டம் இடத்துக்கு இடம் மாறும், ஆனால் வாய்ப்பேச்சை நிரூபிப்பது எங்கேயும் கஷ்டம். அதனால் இனிமேல் பேசுவதையெல்லாம் எழுத்தில் வையுங்கள்.

அவருடைய பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஒரே தளத்தில் இரண்டு ஆட்கள் வேலை செய்து, பிறகு ஒழுகினால், இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார், நடுவில் நீங்கள் நிற்பீர்கள். எனவே முதல் வழி, இரண்டையும் ஒருவரிடமே கொடுப்பது. சாய்வு, நீர்த்தடுப்பு, பலகை, மேல் அடுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ஆள், ஒரே உத்தரவாதம். உங்கள் கான்ட்ராக்டருக்கு அனுபவம் இல்லாவிட்டால், வாட்டர்ப்ரூஃபிங்கையும் சேர்த்து வேறொருவரிடம் கொடுத்து, அந்தத் தொகையை இவர் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளப் பேசுங்கள். பல கான்ட்ராக்டர்கள் இதற்குச் சந்தோஷமாகவே ஒப்புக்கொள்வார்கள்.

இரண்டு பேர்தான் செய்யப்போகிறார்கள் என்றால், நடுவில் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். நீர்த்தடுப்பு முடிந்ததும் மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்து, மாடியில் 5 செ.மீ. அளவுக்குத் தண்ணீர் தேக்கி, 48 மணி நேரமாவது விட்டுவைக்க வேண்டும். 72 இருந்தால் இன்னும் நல்லது. கீழே அறைக்குள் போய் சீலிங் ஓரம், குழாய் இறங்கும் மூலை, ஃபேன் கொக்கி மாட்டிய இடம் எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் இல்லையென்றால் தேதியோடு போட்டோ எடுத்து, இருவரும் கையெழுத்துப் போட்டு, அதற்குப் பிறகுதான் பலகைக்காரரை மேலே ஏற்ற வேண்டும். இந்தக் கையெழுத்து இல்லாமல் மேல் அடுக்கைப் போட யாரையும் அனுமதிக்காதீர்கள்.

அவரிடம் நீங்கள் எடுத்துச் சொல்ல வலுவான வாதம் ஒன்றும் இருக்கிறது. அடுக்கு வரிசை இப்படி இருக்கட்டும்: கான்கிரீட், அதன் மேல் குழாய் வாய் நோக்கிச் சாய்வு, அதன் மேல் நீர்த்தடுப்பு, அதன் மேல் எக்ஸ்பிஎஸ், பிறகு ஒரு துணி விரிப்பு, கடைசியாக சிமென்ட் அடுக்கு அல்லது டைல்ஸ். இந்த வரிசையில் அவருடைய வாட்டர்ப்ரூஃபிங் பலகைக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது. வெயில் படாது, தினமும் சூடாகிக் குளிர்ந்து தளராது, காலடியும் படாது. அவர் வேலை அதிக நாள் தாங்கும், குறையாது. பலகைக்கு அடியில் மழைநீர் கொஞ்சம் ஓடும் என்பதால் இந்த இடத்துக்கு எக்ஸ்பிஎஸ்தான் வேண்டும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும், நீர் குடித்த பலகை வெறும் பாரம்தான். சாதாரண தெர்மாகோல் காலப்போக்கில் நீரைக் குடிக்கும், எக்ஸ்பிஎஸ் மிகக் குறைவாகவே குடிக்கும்.

வேலை நடக்கும்போது தவறுகிற இடங்கள் சில எனக்குத் தெரியும். சரிவு, பலகை, மேல் அடுக்கு எல்லாம் சேர்ந்தால் மாடி 12 முதல் 15 செ.மீ. உயரும். மாடிப்படி அறைக் கதவின் வாசற்படி அதற்கு மேல் நிற்கிறதா என்று இன்றே அளந்து பாருங்கள், இல்லாவிட்டால் மழைநீர் படிக்கட்டில் இறங்கும். கைப்பிடிச் சுவரும் அதே அளவு குட்டையாகும். பிள்ளைகள் விளையாடும் மாடி என்பதால் இப்போதே ஒரு வரி கூடுதலாகக் கட்டிவிடுங்கள். 5 செ.மீ. சிமென்ட் அடுக்கு சதுர மீட்டருக்கு 100 கிலோவுக்கு மேல் எடை கொண்டது. பலகையோ 2 கிலோகூட வராது. தளத்தை வடிவமைத்த இன்ஜினீயரிடம் இந்தப் பாரத்தைச் சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். மேல் அடுக்கை ஒரே விரிப்பாகப் போடாமல் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள், இல்லையேல் வெடிக்கும். சூடான தாரோ, கரைப்பான் கலந்த பசையோ எக்ஸ்பிஎஸ் மேல் பட்டால் அது உருகிக் குழிந்துவிடும். பலகை வந்து இறங்கினால் வாரக்கணக்கில் வெயிலில் கிடக்க விடாதீர்கள். பலகைக்கும் பலகைக்கும் இடையில் விரல் நுழையும் இடைவெளி இருக்கக் கூடாது. ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் படியும்படி வெட்டிய, படிவெட்டு விளிம்புள்ள பலகை கிடைத்தால் அதையே கேளுங்கள். சோலார் பேனலோ தண்ணீர் டேங்கோ பின்னால் வரப்போகிறதென்றால், அவற்றின் கால்களுக்கான மேடையை நீர்த்தடுப்புக்கு முன்பே கட்டிவிடுங்கள். பிறகு துளை போட்டால் எல்லா உத்தரவாதமும் அந்தத் துளையிலேயே போய்விடும்.

எழுதி வாங்கும்போது "நல்ல தரமான இன்சுலேஷன்" என்று பொத்தாம்பொதுவாக எழுத விடாதீர்கள். எக்ஸ்பிஎஸ், 50 மி.மீ., அடர்த்தி கன மீட்டருக்கு 32 கிலோ, அழுத்தம் தாங்கும் திறன் குறைந்தது 250 கிலோபாஸ்கல் என்று எண்களோடு இருக்கட்டும். சோதித்துப் பார்ப்பதும் சுலபம். 1.25 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம், 5 செ.மீ. தடிமன் உள்ள அந்தப் பலகை 1.2 கிலோ எடை இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் ஒன்றை வைத்துப் பாருங்கள், 800 கிராம்தான் காட்டினால் திருப்பி அனுப்புங்கள்.

மேற்குச் சுவரும் ஜன்னல்களும்

செங்கல்லுக்குப் பதில் ஏஏசி பிளாக் போட்டிருக்கலாமே என்று யாராவது சொன்னால் மனம் கலங்க வேண்டாம். வெப்பத் தடுப்பில் அது செங்கலைவிடப் பல மடங்கு மேல் என்பது உண்மை, ஆனால் எழும்பிய சுவரை இடிக்கத் தேவையில்லை. மேற்குச் சுவருக்கு வெளிர் நிறம் அடியுங்கள். பின்னால் வசதி வந்தால் அந்த ஒரு சுவருக்கு மட்டும் வெளிப்பக்கம் பலகை ஒட்டி மேலே பூசிக்கொள்ளலாம்.

ஜன்னலைத் தள்ளிப்போடாதீர்கள். சாயங்கால வெயில் தாழ்வாக வருவதால் மேற்கில் மேலே நீட்டிய சன்ஷேட் அதைத் தடுக்காது. ஒன்றரை மீட்டருக்கு 1.2 மீட்டர் சாதாரணக் கண்ணாடி ஜன்னலில் நேராக வெயில் அடித்தால், 900 வாட் வரை உள்ளே வரும். தளத்துக்குப் போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள், காப்பே இல்லாத தளத்துக்குச் சமமாக ஒரு ஜன்னல்! உள்ளே கனமான திரை போட்டால் கண்கூச்சம் குறையும், ஆனால் வெப்பம் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டிவிட்டது. வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். வெளிப்பக்கம் சாத்தும் பலகைக் கதவு, செங்குத்துச் சட்டங்கள், சுருட்டும் தட்டி, எது கைக்கு எட்டுகிறதோ அது. இரட்டைக் கண்ணாடி கேட்டிருக்கிறீர்கள். அது கண்ணாடி வழியாகக் கடந்துவரும் வெப்பத்தைப் பாதியாகக் குறைக்கும், ஆனால் தெளிவான கண்ணாடியாக இருந்தால் நேர் வெயிலில் பெரும்பங்கை உள்ளே விட்டுவிடும். நிழலுக்குச் செலவழித்த பிறகு மீதம் இருந்தால் அதை யோசிக்கலாம்.

அந்த பிளாஸ்டிக் விரிப்பு, மாமியாரின் பயம்

சுவரின் உட்பக்கம் பிளாஸ்டிக் விரிப்பு வேண்டவே வேண்டாம். குளிர் அதிகமான இடங்களில் வீட்டுக்குள் இருக்கும் ஈரக்காற்று சுவருக்குள் புகுந்து குளிர்ந்து நீராகாமல் இருக்க, சூடான பக்கத்தில், அதாவது உட்பக்கம், அந்த விரிப்பைப் போடுகிறார்கள். உங்கள் வீட்டில் சூடான, ஈரமான பக்கம் வெளியே இருக்கிறது. 30 டிகிரி சூட்டில் 75 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று 25 டிகிரிப் பரப்பைத் தொட்டாலே நீர் கோக்கத் தொடங்கிவிடும். நீங்கள் ஏசியை 22இல் வைத்தால், வெளியிலிருந்து சுவர் வழியாக வரும் ஈரம் அந்தப் பிளாஸ்டிக்கின் பின்னால் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். காரணம் தெரியாமல் வேறொரு தட்பவெப்பத்தின் முறையைக் காப்பியடிப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான்.

அந்த வீடியோவில் காட்டியது பாசிவ் ஹவுஸ் எனப்படும், மிகக் குறைந்த மின்சாரத்திலும் எரிபொருளிலும் இதமாக இருக்கும்படி கட்டிய வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகையில் முதலாவதாகச் சொல்லப்படும் வீடு 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் குடியேற்றத்துக்கு வந்தது. அங்கே காற்றுக் கசிவை மிகக் கறாராக அடைத்துவிட்டு, புதுக்காற்றை ஒரு கருவி வழியாக எந்நேரமும் உள்ளே கொண்டுவருகிறார்கள். கருவியை விட்டுவிட்டு அடைப்பை மட்டும் எடுத்துக்கொண்டால் உங்கள் மாமியார் சொல்வது நடந்துவிடும். ஆனால் நாம் பேசுவது மொட்டை மாடி மேல் ஒரு பலகை. கான்கிரீட் தளம் வழியாக இப்போதும் காற்று வருவதில்லை, பலகை வைத்தாலும் வரப்போவதில்லை. ஜன்னல்கள் இருக்கிற இடத்தில் இருக்கும். அம்மாவிடம் இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்.

ஏசி

இப்போதைக்குச் செப்புக் குழாயும் வயரும் போக வழி மட்டும் சுவரில் விட்டு வையுங்கள், ஏசியை வாங்காதீர்கள். காப்பு போட்டு, ஜன்னலுக்கு நிழல் தந்த பிறகு, அறையின் வெப்பக் கணக்கைப் போடச் சொல்லி வாங்குங்கள். அந்த அளவு அறைக்கு ஒரு டன்னே போதும் என்று வர நிறைய வாய்ப்பு உண்டு. தேவைக்கு மேல் பெரிய ஏசி சீக்கிரம் குளிரவைத்து நின்றுவிடும், காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்ச அதற்கு நேரம் கிடைக்காது. அறை குளிர்ச்சியாக இருக்கும், உடம்பு பிசுபிசுக்கும்.

வெளியே காற்றே 38 டிகிரியில் வீசும் நாளில் ஏசி இல்லாத அறை 25க்கு இறங்கிவிடாது, அந்த எதிர்பார்ப்பை வளர்த்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ராத்திரி ஃபேன் போட்டால் அனல் இறங்காது, பல இரவுகளில் அதுவே போதும் என்று பிள்ளைகள் சொல்லக்கூடும். குடிபோய் ஒரு கோடையைக் கழித்துப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் அறைக்கு ஏசி வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். கான்ட்ராக்டரோ வேறு ஒருவரோ தரும் விலைப்பட்டியலில் அடுக்குகளின் வரிசை நான் மேலே எழுதியதிலிருந்து மாறியிருந்தால், கையெழுத்துப் போடும் முன் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.